தோளில் நான்கு கோடுகள்
மலாக்காவின் புக்கிட் ரம்பாய்க்கு அருகே, பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் இயங்கும் மலேசியன் ஃபிளையிங் அகாடமியின் பயிற்சி விமானிகள் ஒருநாள் அணிய விரும்பும் நான்கு கோடுகள், அதாவது கேப்டன் எனப்படும் தலைமை விமானியின் தோள்பட்டைகளில் மின்னும் இழைகள், கடற்படைச் சீருடையிலிருந்து வந்தவை. 1930களில் நீரில் இறங்கும் 'பறக்கும் படகு'களை இயக்கிய பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தால் இச்சீருடை வழக்கம் பரவியது. இத்தனை சிறிய இழை இத்தனை பெரிய பொறுப்பை அறிவிப்பது உண்மையிலேயே அழகு.

ஆனால் அவ்விழை தோழமைக்குச் சான்றாகாது. 1985 மே மாதம் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவன விமானிகள் தொடங்கிய 29 நாள் வேலைநிறுத்தத்தின்போது பணிக்குச் சென்ற கருங்காலிகள், அதாவது சக ஊழியரின் போராட்டத்தை முறித்தவர்கள், அதே கோடுகளை அணிந்திருந்தும், நெடுங்காலம் ஒதுக்கப்பட்டனர்: கைகுலுக்கல் மறுக்கப்பட்டது, விமானி அறையில் பணிக்குரிய சொற்களுக்கு அப்பால் உரையாடல் நின்றது. எனினும் புறப்படுமுன் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் பாதுகாப்புப் பட்டியல் மட்டும், மனக்கசப்பு எதுவாயினும், விமானிகள் இருவரின் குரலிலும் முழுமையாக ஒலிக்கவேண்டியிருந்தது. இத்தொழிலின் மேன்மை அந்தக் கட்டுப்பாட்டிலேயே உள்ளது.

மலேசியாவிலோ, போராட்டத்தில் அரசே தலையிட்டது: 1979ஆம் ஆண்டு மாஸ் எனப்படும் மலேசிய விமான நிறுவன ஊழியர்களின் போராட்டத்தை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான கைதுகளால் எதிர்கொண்டது. 1980இல் தொழிற்சங்கச் சட்டங்களும் மேலும் இறுக்கப்பட்டன.