செங்கோலும் வழக்குமன்றமும்: சிலம்பும் பெரியபுராணமும் காட்டும் நீதிமுறை பற்றிய ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பறையில் நடத்தும்பொழுது நாம் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறோம். பிழை செய்த பாண்டியன், அப்பிழையை உணர்ந்த கணமே உயிர் துறந்து, வளைந்த தன் கோலை நிமிர்த்திக் கொண்டான் என்பதே அம்முடிவு. தேர்வு வினாக்களும் இதனையே எதிர்பார்க்கின்றன. மாணவர்களும் அரசனின் நீதி தவறாமையைப் போற்றி விடை எழுதுகின்றனர். நாமும் பல ஆண்டுகள் இவ்வாறே கற்பித்து வந்துள்ளோம்.

இவ்வாசிப்பில் ஒரு குறை உண்டு. நீதியை ஆள்பவனின் தனிமனிதப் பண்பாக மட்டுமே அது காண்கிறது. குற்றஞ்சாட்டுபவர் யார், விசாரிப்பவர் யார், தீர்ப்பளிப்பவர் யார் என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. அரசின் சட்ட அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையிலான உறவு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விவாதத்தை மனத்திற்கொண்டு இரு தமிழ்ப் பனுவல்களை மீண்டும் வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கொலைக்களக் காதையில் நிகழ்ந்த வழக்கு

வழக்குரை காதை கோவலனின் வழக்கன்று. அது கண்ணகியின் மேல்முறையீடு எனலாம். கோவலனின் வழக்கு அதற்கு முன்பே கொலைக்களக் காதையில் முடிந்துவிடுகிறது. அரசன் ஊடிய தேவியைத் தேடி அந்தப்புரம் செல்லும் வழியில் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். அவன் கூற்றை மட்டும் கேட்ட மன்னன் காவலரை அழைத்து, சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர ஆணையிடுகிறான்.

இவ்வாணையில் ஒரு நிபந்தனை இருப்பது நோக்கத்தக்கது. ஆயின் சிலம்பு கோவலன் கையில் இருக்கிறதா என்பது மட்டுமே அந்நிபந்தனை. அது யாருடைய சிலம்பு என்பதை அறிய அதில் வழியில்லை. நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கக் காவலருடன் செல்பவனும் குற்றஞ்சாட்டிய அதே பொற்கொல்லனே. அவனே சிலம்பைத் திருடியவன் என்பதையும் நாம் அறிவோம்.

கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர் ஐயுறுகின்றனர். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர் நூல் கூறும் எட்டு வழிகளை விரித்துரைத்து அவ்வையத்தைப் போக்க முயல்கிறான். ஏனையோர் பேசிக்கொண்டிருக்கையில், கல்லாத ஒருவனின் வாள் வழக்கை முடித்துவைக்கிறது. காவலர்க்கு எழுந்த ஐயம் நேர்மையானது. ஆயினும் அதனைக் கொண்டுசெல்ல மன்னனுக்கும் பொற்கொல்லனுக்கும் அப்பாற்பட்ட ஓர் இடம் மதுரையில் இல்லை. இளங்கோவடிகள் காட்டும் அவலத்தின் வேர் இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து. பாண்டியன் பண்பில் குறைந்தவன் அல்லன் என்பதை அவன் இறப்பே மெய்ப்பிக்கிறது. நல்லவனாகிய ஓர் அரசனிடமும் இத்தகைய தீர்ப்பு பிறக்கக் கூடும் என்பதே காப்பியம் தரும் எச்சரிக்கை.

திருவெண்ணெய்நல்லூர் அவை

இதற்கு மாறான ஒரு காட்சியைச் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அமைத்துள்ளார். சுந்தரர் சிற்றரசர் நரசிங்கமுனையரையரால் மகனாக வளர்க்கப்பெற்றவர். அவரைத் தம் அடிமை என்று வழக்கிடும் முதியவரோ ஆதரவற்றவராகத் தோன்றுபவர். மணப்பந்தலில் சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

அவையோர் முதலில் முதியவரின் கோரிக்கை உலக வழக்கில் இல்லாதது என்கின்றனர். எனினும் அதனைத் தள்ளிவிடாமல், ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். மூல ஓலையையும் சுந்தரர் கிழித்துவிடலாகாது என்று முதியவர் அஞ்சியபோது, அவ்வாறு நிகழவிடமாட்டோம் என்று உறுதியளிக்கின்றனர். பாட்டனாரின் எழுத்தை, காப்பிலிருந்த அவருடைய வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். பின்னரே அரசனின் வளர்ப்பு மகனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கின்றனர்.

முதியவர் சிவபெருமான் என்பதை அவை அறியாது. அவ்வறியாமையே நமக்கு முக்கியமானது. இறைவனும் அங்கு ஆவணம் காட்ட வேண்டிய ஒரு வழக்காளி மட்டுமே. இவ்வவையை இன்றைய நீதிமன்றத்திற்கு நிகராக்குவது நம் நோக்கமன்று. அது அந்தணர் அவை; அது ஏற்கும் வழக்கோ ஒரு மனிதனை அடிமையாக்கும் வழக்கு. ஆயினும் வழக்காளியும் தீர்ப்பாளரும் வெவ்வேறாக நிற்கும் முறையைச் சேக்கிழார் தெளிவாக அறிந்திருந்தார் என்பது இதனால் புலப்படுகிறது.

இரு நாடுகளின் பட்டறிவு

மலேசியாவில் சட்டத்துறைத் தலைவர் பதவி விடுதலைக்குப் பின்னர்ப் பல பத்தாண்டுகளாக இரு பொறுப்புகளை ஒருங்கே தாங்கி வந்தது. அரசாங்கத்திற்குச் சட்ட ஆலோசனை வழங்குவது ஒன்று. குற்றவியல் வழக்குகளைத் தொடுப்பது, நடத்துவது, நிறுத்துவது மற்றொன்று. இவ்வதிகாரத்தின் எல்லை எது என்னும் வினா 1987இல் டத்தோ யாப் பெங் வழக்கில் எழுந்தது. கீழ் நீதிமன்றத்தில் உள்ள ஒரு வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு மாற்றும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவு அரசு தரப்பு வழக்கறிஞருக்கு வழங்கியிருந்தது. அது நீதிமன்றத்திற்கே உரிய அதிகாரம் என்று கூறி, உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அப்பிரிவைச் செல்லாததாக்கியது.

நாடாளுமன்றம் 1988இல் அரசமைப்பையே திருத்தியது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களைச் சார்ந்தது என்னும் வாசகம் 121ஆம் பிரிவிலிருந்து நீங்கியது. வழக்கு நடைபெறும் நீதிமன்றத்தை முடிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்குச் சட்டத்தின்வழி வழங்கலாம் என்னும் உட்பிரிவு 145ஆம் பிரிவில் சேர்ந்தது. அதே ஆண்டில் நீதித்துறைத் தலைவர் துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். 2017இல், நில எடுப்பு தொடர்பான செமினி ஜெயா வழக்கில்தான், அத்திருத்தத்திற்குப் பின்னரும் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடமே உள்ளது என்று கூட்டரசு நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

சிங்கப்பூரில் இச்சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. கீழ் நீதிமன்ற நீதிபதிகளும் அரசு தரப்பு வழக்கறிஞர்களும் அங்கு ஒரே சட்டச் சேவையில் பணிபுரிந்தனர். ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படவும் கூடும். 1984இல் எதிர்க்கட்சித் தலைவர் ஜே. பி. ஜெயரத்தினத்தைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த மூத்த மாவட்ட நீதிபதி, அவ்வாண்டிலேயே தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்திற்கு மாற்றப்பட்டார். இதில் அரசாங்கத் தலையீடு உண்டா என்று நீதிபதி டி. எஸ். சின்னத்துரை தலைமையிலான ஆணையம் 1986இல் விசாரித்து, தலையீடு இல்லை என முடிவு செய்தது.

அம்முடிவை நாம் அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு வினா எஞ்சுகிறது. தலையீடு இல்லை என்பதை நிறுவ ஓர் ஆணையம் தேவைப்பட்டது ஏன்? தீர்ப்பெழுதிய ஒருவரை, அத்தீர்ப்பில் தோற்ற தரப்பின் அலுவலகத்திற்கே மாற்றுவதற்கு அமைப்பில் இடம் இருந்தது. அவ்விடம் இருக்கும்வரை, யாரும் தவறு செய்யாத நிலையிலும் ஐயம் எழவே செய்யும். 2022இல் சிங்கப்பூர் நீதித்துறைச் சேவையைச் சட்டச் சேவையிலிருந்து தனியாகப் பிரித்து, தலைமை நீதிபதியின் தலைமையில் அதற்கெனத் தனி ஆணையத்தை நிறுவியது. எவர்மீதும் குற்றஞ்சுமத்தாமலே அமைப்பைத் திருத்த முடியும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

இக்காலச் சட்டக் கோட்பாட்டைப் பழம் பனுவல்மீது ஏற்றுவது காலமுரண் என்று சிலர் கருதலாம். அரசின் சட்ட அலுவலகமும் தன்னுரிமை பெற்ற நீதிமன்றமும் சிலம்பின் உலகில் இல்லை என்பது உண்மையே. ஆயின் காவலரின் ஐயத்தைப் பனுவலில் வைத்தவர் இளங்கோவடிகளே, நாம் அல்லோம். அவ்வரிகளைக் கடந்துசென்று அரசனின் பெருமையை மட்டும் பேசுவதும் ஒரு தேர்வுதான். பொதுவாழ்வில் நல்ல தலைவர் ஒருவர் வந்தால் நீதி தானே நிலைபெறும் என்னும் நம்பிக்கையை அத்தேர்வு மாணவர்களிடம் வளர்க்கிறது. 1988ஐக் கண்ட நாட்டில் அந்நம்பிக்கையைக் கேள்வியின்றிக் கற்பிப்பது பொறுப்பான செயலாகாது.

முடிவுரை

அரசு வழக்கறிஞர்களை ஐயத்துடன் நோக்குமாறு மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அரசின் வழக்கை நேர்மையுடன் நடத்துவோர் இன்றி நீதிமன்றங்கள் இயங்கமாட்டா. அவர்களுக்கும் தீர்ப்பாளர்களுக்கும் இடையே உள்ள தொலைவு அமைப்பால் காக்கப்பட வேண்டும் என்பதே நம் வாதம். ஆகவே, வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கொலைக்களக் காதையையும் தடுத்தாட்கொண்ட புராணத்தின் அவைக் காட்சியையும் அதனுடன் சேர்த்து நடத்துவது நலம். பாண்டியன் ஏன் இறந்தான் என்று கேட்பதற்கு முன்பு, கோவலன் தன் சிலம்பைப் பற்றி எந்த அவையில் பேசியிருக்க முடியும் என்று மாணவரைக் கேட்கலாம்.