சிறகுக் காலணி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வாள்வீரனுக்கு மாயப்பொருள் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தீநாக்கு வாள் சட்டென்று கண்ணில் படும். கட்டளைச் சொல் கேட்டதும் அலகு தீப்பற்றும். இலக்கில் படும் ஒவ்வொரு வெட்டுக்கும் 2 ஆறுமுகப் பகடைகள் அளவு கூடுதல் சேதம். அருமையான வாள்தான். ஆனால் டிராகன் 60 அடி உயரத்தில் வட்டமிட்டு நெருப்பை உமிழும்போது அதை எங்கே வீசுவது?

எனக்குப் பிடித்தது சிறகுக் காலணி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, நடக்கும் வேகத்திலேயே மொத்தம் 4 மணி நேரம் பறக்கலாம். துண்டு துண்டாகவும் செலவழிக்கலாம். நேரம் தீர்ந்தாலும் தொப்பென்று விழமாட்டான். சுற்றுக்கு 30 அடியாக இறக்கிவிடும். மந்திரவாதி போடும் பறக்கும் மந்திரமோ, அவர் கவனம் கலைந்தால் முடிந்துவிடும். காலணிக்கு அந்தப் பயமில்லை.

ஒருவர் தன்னோடு பிணைத்துக்கொள்ள முடிந்த பொருள்கள் 3 மட்டுமே. அதில் ஒன்றை இதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நெருங்கிச் சண்டையிடுபவனுக்கு அடிக்கும் பலம் ஏற்கெனவே உண்டு; எதிரியை எட்டுவதுதான் பாடு. இருக்கும் பலத்தைக் கூட்டுவதைவிட, இல்லாத திறனைத் தரும் பொருளே மேல்.