நூறு கில்டரும் பாதி முகமும்

வெளிதேசத்துச் சித்திரசாலைக்கு முதல் தடவையாகப் போகிற பிரயாணி, படத்தைப் பார்ப்பதற்கென்று போவதில்லை. கேள்விப்பட்டதெல்லாம் சரிதானா என்று ஒத்துப் பார்க்கத்தான் போகிறான். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் மியூசியத்தில் இந்தக் காரியம் மிகவும் சுலபம். 1885-ல் திறந்த அந்தக் கட்டடத்தையே ஒரே ஒரு படத்தை உத்தேசித்துக் கட்டினார்களோ என்று தோன்றும். மாடியில் நீண்ட மண்டபம்; இரு பக்கமும் டச்சுச் சைத்திரிகர்களின் பொக்கிஷங்கள்; கோடியில், கோவிலென்றால் மூலஸ்தானம் இருக்கக்கூடிய இடத்தில், ரெம்பிராந்த் தீட்டிய 'இராக் காவல்'. பால் ஊற்றிக்கொண்டிருக்கும் வெர்மீரின் பணிப்பெண் வழியில்தான் இருக்கிறாள். கூட்டம் அவளைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. நானும் கூட்டத்தோடு போனேன்.

பன்னிரண்டடிக்கு மேல் உயரம். ஏறக்குறையப் பதினைந்தடி அகலம். நகரக் காவல் படை ஒன்று கிளம்பப் போகிறது. நடுவில் கறுப்பு உடையும் சிவப்புப் பட்டையுமாகக் காப்டன் பிரான்ஸ் பானிங்க் காக். பக்கத்தில் இளமஞ்சள் உடையில் அவருடைய லெப்டினன்ட். ஒருவன் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கிறான். முரசு அடிப்பவனைப் பார்த்து ஒரு நாய் குரைக்கிறது. யாரும் நமக்காக நிற்கவில்லை. அவரவர் ஜோலி அவரவருக்கு.

இராத்திரிக் காட்சி என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் காப்டனின் நீட்டிய கையைக் கவனிக்க வேண்டும். அந்தக் கையின் நிழல் லெப்டினன்டின் மஞ்சள் சட்டை மீது துல்லியமாக விழுந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் விழுகிற நிழல் அல்ல அது, வெயில் நிழல். மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் கறுத்துப் போகவே, பின்னால் வந்தவர்கள் இராத்திரி என்று முடிவு செய்து இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு படத்தைச் சுத்தம் செய்தபோது பகல் வெளிப்பட்டது. ஆனாலும் பெயர் போகவில்லை.

இதைப் போலவே இன்னொரு கதையும் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் படத்தைப் பார்த்துக் கோபம் கொண்டார்கள் என்றும், அன்றிலிருந்து ரெம்பிராந்துக்குச் சனி பிடித்தது என்றும் சொல்வார்கள். நல்ல கதைதான், ஆதாரம் கிடையாது. படம் முடிந்தது 1642-ல். அவர் திவாலானது 1656-ல். 1715 வரையில் படம் அந்தப் படையினரின் மண்டபத்திலேயே தொங்கியது. பிறகு நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனவர்கள், சுவருக்குப் பொருந்தவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடது பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அதோடு போய்விட்டார்கள்.

கோபித்தார்கள் என்பது கதையாக இருக்கலாம். கோபிக்கக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆளுக்குச் சுமார் 100 கில்டர், படத்தில் கிடைத்த இடத்துக்குத் தகுந்தபடி கூடவோ குறையவோ கொடுத்ததாக, 1659-ல் அவர்களில் இருவர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பின்னணியில் ஒரு கேடயத்தில் பதினெட்டுப் பெயர்கள் பிற்பாடு எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பதினெட்டில் சில முகங்கள் பாதிதான் தெரிகின்றன. சில நிழலில் முழுகிக் கிடக்கின்றன. கல்யாண குரூப் போட்டோவில் தம் தலைக்கு முன்னால் இன்னொருவர் தலை வந்துவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். இவர்களோ நூறு கில்டர் கொடுத்தவர்கள்.

அதே மியூசியத்தில் வான் டெர் ஹெல்ஸ்ட் 1648-ல் தீட்டிய பெரிய படம் ஒன்று இருக்கிறது. ஸ்பெயினோடு சமாதானம் ஏற்பட்டதற்காகக் காவல் படையினர் விருந்து சாப்பிடுகிறார்கள். கறுப்பு உடையில், கொடியோடு, நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி எத்தனை முகங்கள்! ஒவ்வொன்றிலும் ஒரே சீரான வெளிச்சம். கைவிரல், மீசை, வெள்ளிப் பாத்திரம், எதற்கும் குறை வைக்கவில்லை. 1781-ல் ஹாலந்துக்குப் பிரயாணியாக வந்த ஆங்கிலச் சைத்திரிகர் ஸர் ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் இந்தப் படத்தை வானளாவப் புகழ்ந்தார். 'இராக் காவல்' ரெம்பிராந்தின் கைவேலைதானா என்று நம்புவதே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ரெய்னால்ட்ஸை நான் பரிகாசம் செய்யமாட்டேன். வான் டெர் ஹெல்ஸ்ட் நாணயஸ்தர். வாங்கிய பணத்துக்கு வஞ்சனை செய்யாதவர். ஆனால் அந்த விருந்துப் படத்தின் முன் கால் மணி நேரம் நின்றால் ஒன்று விளங்குகிறது. எல்லோரையும் பார்த்துவிட்டோம்; ஒருவரும் மனத்தில் நிற்கவில்லை. எல்லோரும் சமமாக முக்கியம் என்று வைத்துவிட்டால், அங்கே எதுவுமே நடக்க முடியாமல் போகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. "அந்தச் சித்தப்பா பாத்திரத்துக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை" என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். உண்மைதான். சித்தப்பாவுக்கு நியாயம் செய்தால் கதைக்கு அநியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. ரெம்பிராந்தின் மாணவர் ஸாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678-லேயே இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டார். கேட்டவர்களின் முகங்களைவிடத் தம் முழுச் சித்திரத்தையே குரு பெரிதாக நினைத்தார் என்று பலர் குறைப்படுவதை அவர் ஒப்புக்கொள்கிறார்; இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் இதன் பக்கத்தில் மற்றப் படங்கள் சீட்டுக்கட்டுப் படங்களாகத் தோன்றுகின்றன என்பதும் அவர் அபிப்பிராயந்தான். மூன்றரை நூற்றாண்டாகியும் இதைவிட நியாயமான தீர்ப்பை யாரும் சொல்லவில்லை.

என் கட்சி ரெம்பிராந்தின் கட்சி. ஆனாலும் அந்தப் பாதி முகக்காரரை என்னால் மறக்க முடியவில்லை. இன்று உலகமே வந்து அவரைப் பார்க்கிறது என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. அவர் கேட்டது தம் முகத்தை. கலைக்காக அவர் செலுத்திய வரி அது, அவரைக் கேட்காமலே வசூலித்தது.

படத்தில் எல்லோரையும்விட வெளிச்சம் பெற்றிருப்பவர்களில் ஒருத்தி, கூட்டத்துக்கு நடுவே, பொன்னிற உடையில், இடுப்பில் ஒரு கோழியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் சிறுமி. கோழியின் நகங்கள் அந்தப் படையின் சின்னம் என்கிறார்கள். கேடயத்தில் அவள் பெயர் இல்லை. அவள் ஒரு காசும் கொடுக்கவில்லை.