கன்னியர் மடத்துப் பள்ளிகளின் லாப நஷ்டம்

காரைக்காலில் பெண் கல்வி வளர்ந்த வரலாற்றைப் பேசப் புகுகிறவர்கள் பெரும்பாலும் கன்னியாஸ்திரீகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இல்லையேல், எல்லாம் மதப் பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். 1739 முதல், இடையிடையே ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட காலம் போக, 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த அரசலாற்றங்கரைப் பட்டணத்தில், விடுதிப் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளையும் ஒருங்கே வைத்து நடத்திய மடத்துப் பள்ளி என்னும் ஸ்தாபனத்தை எடை போடுவதற்கு இவ்விரண்டு வழிகளும் உதவமாட்டா.

அதன் மூலம் புதுச்சேரியில் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. 1827இல், ஆளுநர் தெபாசென் தெ ரிஷ்மோன் காலத்தில், அன்னை ஜவுகே பிரான்சில் நிறுவிய குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் வந்திறங்கி, முதன்மையாக ஐரோப்பியர் வீட்டுப் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கினர்; பின்னர் அச்சபையின் பணி காரைக்காலுக்கும் பரவிற்று. 1844இல் ஆயர் பொன்னான் கூட்டிய சினோது என்னும் புதுச்சேரிக் குருமார் பேரவையைத் தொடர்ந்து, மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவரும், மூசே சுவாமியாரோடு சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி தொகுத்தவருமான துப்புய் சுவாமியார், தமிழ்ப் பெண்களையே சேர்த்து மரியாயின் மாசற்ற இருதய சபையை அக்டோபர் மாதத்தில் தொடங்கினார். முன்னது பிரெஞ்சு மொழியோடு கப்பலேறி வந்தது. பின்னது தமிழ் அரிச்சுவடியோடு இங்கேயே பிறந்தது. புகழில் முன்னதே பெரிது. பிரயோஜனத்தில் பின்னதே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

எழுத்து வாசனை தேவதாசிகளுக்கே உரியது, குடும்ப ஸ்திரீக்கு அது அடுக்காது என்று ஊரார் நினைத்திருந்த காலத்தில், பெண் பிள்ளைக்குப் பாடம் சொல்ல உபாத்தியாயினி எங்கிருந்து கிடைப்பாள்? ஆண் வாத்தியாரிடம் அனுப்பத் தாய் தகப்பன் சம்மதியார். கலியாணமான பெண்ணுக்கோ அடுப்படியை விட்டு வர இயலாது. விதவை படியிறங்கினாலே பேச்சு. இந்த முடிச்சைத் துப்புய் அவிழ்த்த விதம் விசேஷமானது. துறவு என்னும் மரியாதையை முன்னால் நிறுத்தி, அதன் மறைவில் ஆசிரியத் தொழிலைத் தமிழ்ப் பெண்ணுக்கு உரியதாக்கிவிட்டார். பேயுருக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையாரை மாங்கனித் திருநாளில் இன்றும் கொண்டாடுகிற ஊரில், உலகத்தை விட்டவளுக்கு மட்டும் உலகம் வழிவிடும் என்பதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அதே உபாயத்தில்தான் முதற்குறையும் ஒளிந்திருக்கிறது. படித்த பெண்ணுக்கு மடம், படித்து முடித்த பெண்ணுக்குக் கணவன் வீடு என்று இரண்டே வாசல்களைக் காட்டிய கல்வி, சம்பளம் வாங்கிச் சுயமாக நிற்கும் மூன்றாவது வாசலை நெடுங்காலம் வற்புறுத்தவில்லை. ஞானோபதேசமும், தையலும், பூவேலையும் நாளின் பெரும்பகுதியை விழுங்கின. கைக்குட்டையின் ஓரத்தில் நூலை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் பூ ஒன்றை நிறுத்துவதற்கு வேண்டிய பொறுமை சாமானியமானதன்று. அக்கைத்தொழில் பல ஏழைப் பெண்களுக்குச் சோறும் போட்டது. எனினும் அதே பொறுமையைக் கணக்கிலும் பூகோளத்திலும் கேட்டிருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

விடுதியின் விஷயமும் இப்படியே. உயர்ந்த மதிலும், மணியடித்து எழுவதும், சிஸ்டர் பிரித்துப் படித்த பிறகே கைக்கு வரும் கடிதமும் இன்றைய கண்ணுக்குச் சிறைவாசமாகத் தெரியும். சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போன தகப்பனுக்கோ அந்த மதில்தான் ஜாமீன். அது இல்லாவிடில் அவன் தன் பெண்ணைப் படிக்க விட்டிருக்கவே மாட்டான். ஆகவே அக்கண்டிப்பை அதன் காலத்தில் வைத்து மன்னிக்கலாம். ஊர் மாறி, பெண்கள் தனியே பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் நாளிலும் அதையே ஒழுக்கம் என்று போற்றுவதை மன்னிக்க முடியாது. வீட்டிலிருந்து வந்துபோன பிள்ளைகளே, சந்தைப் பேச்சையும் தெருச் செய்தியையும் உள்ளே கொண்டுவந்து, அந்தப் பள்ளிகளை முற்றும் மூடுண்டு போகாமல் காத்தவர்கள் என்று சொல்லலாம்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புதுச்சேரி வேதபோதக மண்டலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதி பார்த்துப் பிரித்து உட்கார வைத்தார்கள். அவ்வேற்பாட்டோடு குருமார்கள் நெடுங்காலம் சமாதானம் செய்துகொண்டே வந்தார்கள். அந்த மண்டலத்தின் நிழலில் நின்ற பள்ளிகள் மட்டும் சமத்துவத்தின் கோட்டைகளாக இருந்தன என்று நம்புவதற்கு அசாத்தியமான பக்தி வேண்டும். மொழியிலும் ஓர் அந்தஸ்து வேற்றுமை உண்டு: பிரெஞ்சு படித்தவளுக்குத் துரைத்தன உத்தியோகஸ்தர் வீட்டுச் சம்பந்தம் கிட்டும், தமிழ் படித்தவளுக்கு ஜெபப் புஸ்தகம் வாசிக்கத் தெரியும். 1954க்குப் பின் பிரெஞ்சின் பெருமை மங்க, அந்த ஆசனத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்பள்ளிகளின் ஜூபிலி மலர்களைப் புரட்டுகிறவர், மதர்களின் படங்களையும் கட்டடங்களின் திறப்பு விழாக்களையும் காண்பார், மாணவிகளைக் காணமாட்டார். சேர்க்கைப் பதிவேடுகளில்தான் உண்மைச் சரித்திரம் இருக்கிறது: எந்தத் தெருவிலிருந்து வந்தாள், தகப்பன் என்ன தொழில், எந்த வகுப்பில் நின்றாள், ஏன் நின்றாள். காரைக்கால் மடத்தார், செல்லரிப்பதற்கு முன் அவற்றைப் பிரதியெடுத்து, பெயர்களை மறைத்தாவது ஆராய்ச்சியாளர் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும்.