லா.ச.ரா.வின் ‘பாற்கடல்’: அன்றாடமும் ஆன்மிக வியப்பும்

லா.ச. ராமாமிர்தத்தின் (1916–2007) புனைவுகளில் ஆன்மிக அனுபவம் துறவில் தேடப்படுவதைவிட இல்லறத்துக்குள்ளேயே மிகுதியாகக் கண்டடையப்படுகிறது. ‘பாற்கடல்’ சிறுகதை இதற்குத் தக்க சான்றாகும். தலைதீபாவளிக்கு உடனில்லாத கணவனுக்குப் புதுமணப்பெண் எழுதும் கடிதமாக அமைந்த இக்கதை, கூட்டுக்குடும்பத்தைப் பாற்கடலாக உருவகப்படுத்துகிறது. அன்றாட வீட்டு வாழ்வு தொன்மத்தின் விரிவைப் பெறுவதே கதை எழுப்பும் வியப்பாகும்.

இவ்வுருவகம் குடும்பத்தைப் புனிதப்படுத்திப் பெண்ணின் துயரை மறைக்கிறது எனக் கருத இடமுண்டு. எனினும், பாற்கடலில் அமுதத்தோடு ஆலகாலமும் தோன்றியதைக் கதை சேர்த்தே நினைவூட்டுகிறது. கடித வடிவமும் இங்குக் கருதத்தக்கது. ஏக்கமும் மனத்தாங்கலும் அப்பெண்ணின் குரலிலேயே பதிவாகின்றன. தொன்மம் அக்குரலை அடக்கிவிடவில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. புராணத்தில் கடலைக் கடைந்தவர்கள் தேவரும் அசுரரும். வீட்டிலோ கடையும் உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. அவ்வுழைப்பைக் கருத்திற்கொண்டு வாசிக்கும்போதே, கதை தரும் வியப்பு குடும்பப் பெருமையாகச் சுருங்காமல், நஞ்சும் அமுதுமான வாழ்வை உள்ளவாறு காணும் பார்வையாக நிலைபெறுகிறது.