போன்ஹோபரின் சிறைக் கடிதங்களும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

தீத்ரிச் போன்ஹோபர் 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைது செய்யப்பட்டுப் பெர்லினிலுள்ள டேகெல் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து அவர் எழுதியவற்றை அவருடைய நண்பர் எபர்ஹார்டு பெத்கே தொகுத்து 1951இல் நூலாக வெளியிட்டார். இந்நூலை இறையியல் மாணவர் பலர் 1944 ஏப்ரல் 30ஆம் நாளிட்ட கடிதத்தில் தொடங்கி, 'சமயமற்ற கிறிஸ்தவம்' என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு மூடிவிடுகின்றனர். பிரசங்க பீடத்திலோ போன்ஹோபர் அஞ்சா நெஞ்சம் படைத்த இரத்தசாட்சியாக மட்டுமே காட்சியளிக்கிறார். தனித்துவிடப்பட்ட ஒரு விசுவாசி எதனைப் பற்றிக்கொண்டு நாள்களைக் கடத்தினார் என்னும் வினா இவ்விரு வாசிப்புகளிலும் மறைந்துபோகிறது.

முதலில் வீரர் என்னும் சித்திரத்தை ஆராய்வோம். சிறைவாசத்தின் தொடக்க வாரங்களில் அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் அமைதி ததும்புவன. அவை தணிக்கையாளரின் பார்வைக்கு உட்பட்டவை என்பதையும், தாய் தந்தையரைத் தேற்றும் நோக்குடையவை என்பதையும் நாம் மறத்தலாகாது. அதே காலத்தில் அவர் எழுதிவைத்த துண்டுக் குறிப்புகளில் தற்கொலையைப் பற்றிய எண்ணமும் தலைகாட்டுகிறது. 1944 கோடையில் அவர் இயற்றிய 'நான் யார்?' என்னும் கவிதையும், பிறர் காணும் உறுதிக்கும் தாம் உள்ளத்தில் அறியும் கலக்கத்திற்கும் இடையே உள்ள பிளவையே பேசுகிறது. அவருடைய இறுதிக் கணங்களைக் குறித்து முகாம் மருத்துவர் பின்னாளில் அளித்த சாட்சியம் நம் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதன் நம்பகத்தன்மையை ஆய்வாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். அச்சாட்சியம் விழுந்தாலும் போன்ஹோபரின் நம்பிக்கை விழுவதில்லை. ஏனெனில் அது அவருடைய மனவுறுதியின்மேல் கட்டப்பட்டதன்று.

அவ்வாறாயின் அது எதன்மேல் கட்டப்பட்டது? கடிதங்களே விடை பகர்கின்றன. கொடிய குற்றவாளியைப்போல் ஒதுக்கி வைக்கப்பட்ட முதற் பன்னிரு நாள்களில் சங்கீதங்களும், வெளிப்படுத்தின விசேஷமும், பவுல் கெர்ஹார்ட்டின் பாடல்களும் தமக்குத் துணைநின்றன என்று அவர் எழுதுகிறார். திருச்சபையின் பண்டிகைகளை அறையிலிருந்தபடியே கைக்கொள்கிறார். 1943 கிறிஸ்துமசுக்கு உடன்கைதிகளுக்கென ஜெபங்கள் இயற்றுகிறார். இட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20இல் எடுக்கப்பட்ட முயற்சி தோல்வியுற்றது. மறுநாள் எழுதிய கடிதத்தில், இறையியல் சிக்கல்களைச் சற்றே ஒதுக்கி, அன்றன்றைய திருவசனங்களில் மகிழ்ந்திருப்பதாகவும் கெர்ஹார்ட்டின் பாடல்களுக்குத் திரும்புவதாகவும் குறிப்பிடுகிறார். சமயமற்ற கிறிஸ்தவத்தைப் பற்றி வினவிய அதே மனிதர் இவர் என்பதை மாணவர் கருத்திற்கொள்ள வேண்டும். அவ்வினாவை எழுப்பிய கடிதத்திலேயே வழிபாடும் ஜெபமும் இனிப் பெறும் இடம் யாது என்றும் அவர் கேட்கிறார். அவற்றைத் துறக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை.

அவருடைய தனிமை முற்றும் துணையற்றதாகவும் இருக்கவில்லை. பெர்லின் நகரப் படைத்தலைவராயிருந்த பவுல் ஃபான் ஹாசே அவருடைய மாமா. அந்த உறவினால் சிறையில் சில சலுகைகள் கிட்டின. மனமிரங்கிய காவலர் கடிதங்களை மறைவாக வெளியே கொண்டுசென்றனர். இவ்வாய்ப்புகள் எல்லாக் கைதிகளுக்கும் கிட்டுவன அல்ல. அவருடைய அனுபவத்தைப் பொதுவிதியாக்குவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நலம். ஃபிங்கன்வால்டே குருமடத்தைக் காவல்துறை 1937இல் மூடிய பின்னர் அவர் எழுதி, 1939இல் வெளிவந்த 'ஒருமித்த வாழ்வு' என்னும் நூலில், சக விசுவாசியின் உடனிருப்பு நமக்கு உரிமையன்று, கிருபையே என்று போதித்திருந்தார். நோயாளியும் கைதியும் அதனை இழந்து வாழ்வதையும் அங்கே சுட்டினார். தாம் எழுதியது நான்கே ஆண்டுகளில் தம்மேல் வந்து நிற்குமென அவர் அறிந்திருக்க வழியில்லை.

ஆகவே இந்நூல் ஆயர்களாகிய நம்முன் வைக்கும் கேள்வி தெளிவானது. சிறையிலும், மருத்துவமனைப் படுக்கையிலும், பிள்ளைகள் அயலூர் சென்றுவிட்ட வீடுகளிலும் தனித்திருப்போரிடம், 'விசுவாசத்தில் உறுதியாயிருங்கள்' என்று சொல்லி நாம் திரும்பிவிடுகிறோம். உறுதியை அவர்களிடமே தேடச் சொல்வது, இல்லாதவனிடம் கடன் கேட்பதற்கு ஒப்பாகும். போன்ஹோபரைத் தாங்கியவை அவர் சிறையில் கண்டுபிடித்தவை அல்ல. சபை அவருக்கு முன்னரே கற்றுக்கொடுத்திருந்தவை. நம் மக்கள் நெஞ்சில் எத்தனை சங்கீதங்களையும் ஞானப்பாட்டுகளையும் நாம் பதித்து வைத்திருக்கிறோம்? கதவு அடைபட்ட பின்னர் அவற்றைக் கற்பிக்க இயலாது.