நினைவுக் கோட்டையில் காணாமல் போன மண்

எங்க கயத்தாறில் கட்டபொம்மன் சிலையைப் பார்க்க வருகிறவர்கள் பலர் அப்படியே பாஞ்சாலங்குறிச்சிக்கும் போவார்கள். அங்கே படம் எடுத்து ‘கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை’ என்று போடுவார்கள். அது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. நிஜக் கோட்டை 1801-லேயே தரைமட்டம். அதன் மிச்சங்கள் பக்கத்திலேயே தொல்லியல் துறை பாதுகாப்பில் கிடக்கின்றன. அதிகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை.

நினைவுச் சின்னம் வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோட்டையின் பெரிய அதிசயத்தை இந்தக் கட்டடம் மறைத்துவிடுது.

1799 செப்டம்பர் 5 அன்று பானர்மேன் படை தாக்கி, பலத்த அடி வாங்கியது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்து மெக்காலே படை வந்து பார்த்தால், இடித்த மதில் மறுபடி நிற்குது! அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியான நூலில் அளவு சொல்கிறார்: சுமார் 500 அடிக்கு 300 அடி, முழுக்க மண். அதைப் பிடிக்க மே 24 வரை ஆனது.

மண் எப்படித் தாங்கியது? கல், செங்கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் பிளந்து சரியும். கெட்டியான மண்சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிய்ந்த இடத்தை ராத்திரியே அப்பிவிடலாம். கல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம்; ஊர் சேர்ந்தால் போதும்.

1959-ல் வந்த படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அரண்மனை என்றால் தூணும் தர்பாரும்தான். நினைவுக் கோட்டையும் அந்தக் கண்ணுக்காகவே கட்டின மாதிரி இருக்கு. அதில் ராஜா தெரிகிறார். மண் சுமந்தவர்கள் தெரியவில்லை.

அமெரிக்காவில் டெடம் ஊரின் ஃபேர்பேங்க்ஸ் வீடு சாதாரண மரவீடுதான். உத்தரங்களின் மரவளையத்தை எண்ணி, 1637–1641 காலத்தது என்று நிறுவினார்கள். அந்த எளிய மரத்தையே சாட்சியாக வைத்திருக்கிறார்கள். நம் சாட்சியை எதிரி உழுதுபோட்டான். மிஞ்சியதையாவது முன்னால் வைக்கலாமே?

பெரிய செலவில்லை. பழைய மதில் ஓடிய கோட்டைத் தரையில் குறிக்கலாம். உள்ளூர்க் கொத்தனார்களை வைத்து பத்தடி மண்சுவர் எழுப்பலாம். அதைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு, எட்டு நாளில் ஒரு ஊர் என்ன செய்தது என்பது தானாகப் புரியும்.